பித்தளைத் தாடையும் ஜூம் வகுப்பும்

ஒரு உலோகக் கம்பி. அதன் நுனியில் பித்தளையில் செய்த மேல்தாடையும் கீழ்த்தாடையும். அந்தத் தாடைகளில் பற்களைப் பொருத்திக்கொள்ளலாம். அவ்வளவுதான் கருவி. 1894இல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் என்பவர் இதை அறிமுகப்படுத்தினார். பல் மருத்துவ மாணவன் உயிருள்ள மனிதனின் வாயில் கை வைப்பதற்கு முன்னால் இந்தப் பித்தளை வாயில் பழகிக்கொள்ளட்டும் என்பது யோசனை. பிறகு கம்பி போய் முகம் வந்தது, ரப்பர் கன்னம் வந்தது, பித்தளைப் பல் போய் பிளாஸ்டிக் பல் வந்தது. பெயர் மட்டும் ‘ஃபாண்டம் ஹெட்’ என்று நிலைத்துவிட்டது. இன்றைக்கு எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் ஒரு நீண்ட அறையில் வரிசை வரிசையாக இந்தத் தலைகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்க்கலாம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

2020 மார்ச்சில், ஃபெர்கஸின் கம்பிக்கு 126 ஆண்டுகள் கழித்து, உலகம் முழுக்க இந்த அறைகள் பூட்டப்பட்டன. தலைகள் உள்ளே, மாணவர்கள் அவரவர் ஊரில், ஆசிரியர்கள் வீட்டில் லேப்டாப் முன்னால். “ஆன்லைனில் பாடம் நடத்துங்கள்” என்று உத்தரவு.

கொரோனா காலக் கல்வியைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்கள், பொறியியல் கல்லூரிகள் என்று நிறைய எழுதப்பட்டுவிட்டது. பல் மருத்துவ ஆசிரியர்கள் பக்கம் பொதுவாசகர்கள் அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை அந்தப் பக்கம் இழுத்ததற்குக் காரணம் என் தொழில். நான் மென்பொருள் எழுதுகிறவன். என் வேலை பிறப்பதும் முடிவதும் திரைக்குள்தான். நான் எழுதிய நிரலை ஒருவர் பெங்களூரிலோ பெர்லினிலோ உட்கார்ந்து, நான் பார்ப்பது போலவே பார்த்துத் திருத்த முடியும். அதனால் எங்களுக்கு ‘வீட்டிலிருந்து வேலை’ என்பது ஒரே நாளில் நடந்து முடிந்த இடமாற்றம். பாதி பேச்சும் பாதி கைவேலையுமாக இருக்கிற ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு அந்த இடமாற்றம் எப்படி இருந்திருக்கும்? இதைப் புரிந்துகொள்ள 2020இல் இருந்து ஆரம்பித்தால் போதாது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1728இல் பாரிஸில் பியர் ஃபோஷார் தன்னுடைய பல் அறுவை மருத்துவ நூலை வெளியிட்டார். அதுவரை பல் வைத்தியம் என்பது குருவிடம் இருந்து சீடனுக்குப் போகும் தொழில் ரகசியம். முடிதிருத்துபவர், சந்தையில் பல் பிடுங்குபவர், நகை செய்பவர் என்று பலர் கையில் அது இருந்தது. ஃபோஷார் தனக்குத் தெரிந்த கருவிகளையும் முறைகளையும் படங்களோடு அச்சிட்டார். ஒரு விதத்தில் பல் மருத்துவத்தின் முதல் தொலைநிலைக் கல்வி அதுதான் என்பேன்: ஆசிரியர் பாரிஸில், படிப்பவர் எங்கோ.

ஆனால் புத்தகம் வந்ததால் சீடன் முறை போய்விடவில்லை. அமெரிக்காவில் 1840இல் பால்டிமோரில் ஹொரேஸ் ஹேடனும் சேப்பின் ஹாரிஸும் சேர்ந்து உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்கள். முதல் வகுப்பில் ஐந்து மாணவர்கள். அடுத்த ஆண்டு பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர். அந்தக் காலத்துக் கல்லூரிகளில் விரிவுரைகள் சில மாதம்தான் நடக்கும். கைப்பழக்கத்தை ஏதாவது ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளாக இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அதாவது பேச்சுக்கு ஒரு இடம், கைக்கு ஒரு இடம். இந்தப் பிரிவு அப்போதே இருக்கிறது. பிறகு நூறு வருடத்துக்கும் மேலாகப் பல் மருத்துவக் கல்வி செய்த வேலை, அந்த இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்ததுதான். 2020இல் நடந்தது அந்த ஒட்டுப்போட்ட இடத்திலேயே விழுந்த விரிசல்.

கையைக் கல்லூரிக்குள் எப்படிக் கொண்டுவந்தார்கள்? முதலில் அளவுகள். ஜி. வி. பிளாக் என்ற அமெரிக்கர் 1890இல் மனிதப் பற்களின் அமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு பல்லின் நீளம், அகலம், வேரின் அளவு என்று சராசரி அளவுகளை மில்லிமீட்டரில் அட்டவணை போட்டுக் கொடுத்தார். இன்றும் பி.டி.எஸ். முதலாண்டு மாணவர்கள் மெழுகுக் கட்டியை வைத்துக்கொண்டு ‘லெக்ரான் கார்வர்’ என்ற சின்னக் கத்தியால் பல் செதுக்குகிறார்களே, அந்தப் பயிற்சிக்கு இந்த மாதிரி அட்டவணைதான் அடிப்படை. அடுத்து, பிடுங்கிய பற்களைக் கையில் பிடித்துக்கொண்டோ பிடிகருவியில் மாட்டியோ துளைத்துப் பழகுவது. அதற்கு அடுத்த படி நேராக உயிருள்ள நோயாளி.

யார் அந்த நோயாளி? கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர், பெரும்பாலும் ஏழை. குறைந்த கட்டணத்துக்கு மாணவன் கையில் தன் வாயைக் கொடுப்பவர். கையில் பிடித்த பல்லுக்கும் அவர் வாய்க்கும் இடையில் இருந்த பெரிய பள்ளத்தில் விழுந்த காயங்களை எல்லாம் அவர்தான் வாங்கிக்கொண்டார். ஃபெர்கஸின் கம்பி அந்தப் பள்ளத்துக்கு மேல் போட்ட பாலம். ஃபாண்டம் ஹெட்டை ஒரு கற்பித்தல் உபகரணம் என்றுதான் புத்தகங்கள் வகைப்படுத்துகின்றன. எனக்கு அது நோயாளிக்கான பாதுகாப்பு உபகரணமாகத்தான் தெரிகிறது.

ஏன் வெறும் பல் போதாது, தலை வேண்டும்? பல் மருத்துவரல்லாத நமக்கு இது சட்டென்று புரியாது. மேல்தாடைக் கடைவாய்ப்பல்லை மருத்துவர் நேராகப் பார்ப்பதில்லை. சின்ன வட்டக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார். கண்ணாடியில் திசை மாறித் தெரியும். கை அதற்கேற்ப மாறிப் போக வேண்டும். கன்னம் இழுத்துப் பிடிக்கும், நாக்கு குறுக்கே வரும், விரலை எங்காவது ஊன்றிக்கொள்ள வேண்டும். பல்லின் மேல் இருக்கும் எனாமல், கடைவாய்ப்பல்லின் முகட்டில்கூட இரண்டு இரண்டரை மில்லிமீட்டர்தான். சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைப்பதற்குத் தோண்டும் குழி ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ஆழம். அதற்குமேல் கை வழுக்கினால் பல்கூழை நெருங்கிவிடும். அப்புறம் அடைப்பு போதாது, வேர் சிகிச்சைதான். இவ்வளவும் ஒரு தலைக்குள், ஒரு கோணத்தில், முதுகு வளையாமல் நடக்க வேண்டும்.

இந்தியாவுக்கு இந்த முறை வந்த கதை சுவாரசியமானது. ரஃபியுதீன் அகமது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் வாங்கியவர். 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பணம்? ‘நியூயார்க் சோடா ஃபவுன்டன்’ என்ற ஐஸ்க்ரீம், சோடா கடையின் வருமானம்! இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவக் கல்லூரி. (இதைவிடப் பொருத்தமான வணிகத் திட்டத்தை எந்த ஸ்டார்ட்அப்பும் யோசித்திருக்க முடியாது.) முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா அங்கேதான் பல் மருத்துவம் படித்தார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. இன்று நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். எல்லாவற்றிலும் அடிப்படை வரிசை ஒன்றுதான்: முதலாண்டு மெழுகு, இரண்டாமாண்டு ஃபாண்டம் ஹெட், மூன்றாமாண்டிலிருந்து நோயாளி.

சரி, தொலைவிலிருந்து கற்பிப்பதைப் பற்றி இதற்கு முன் யாரும் யோசிக்கவே இல்லையா? யோசித்தார்கள். 1940களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரி, தொலைபேசிக் கம்பி வழியாக விரிவுரை நடத்தியது. சிகாகோவில் பேராசிரியர்கள் பேச, வேறு ஊர்களில் பல் மருத்துவர்கள் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். இன்றைய வெபினாருக்குத் தாத்தா. 1950களில் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி வந்தது. சிகிச்சையைப் படம் பிடித்துப் பக்கத்து அறையில் இருக்கும் மாணவர்களுக்குக் காட்டினார்கள். 1994இல் அமெரிக்க ராணுவம் ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு முகாமில் இருந்த நோயாளிகளின் வாய்க்குள் சிறு கேமரா விட்டுப் படமெடுத்து, 120 மைல் தள்ளியிருந்த ஃபோர்ட் கார்டன் முகாமின் மருத்துவர்களுக்கு அனுப்பிப் பார்த்தது.

இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனியுங்கள். தொலைபேசி விரிவுரையைக் கேட்டவர்கள் ஏற்கெனவே பட்டம் வாங்கித் தொழில் செய்கிறவர்கள். தொலைக்காட்சி பார்த்த மாணவர்கள், பார்த்து முடித்ததும் அடுத்த அறைக்குப் போய்க் கை வைத்துப் பழகக்கூடியவர்கள். ராணுவ முகாமில் இரண்டு முனையிலும் மருத்துவர்கள். அதாவது, கை பழகியவர்களுக்கு நடுவில்தான் கம்பி வேலை செய்தது. பழகாத கைக்குக் கம்பி வழியாகக் கற்றுக்கொடுக்க யாரும் துணியவில்லை. 2020இல் துணிச்சல் வரவில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

முதலில் மாட்டியது வூஹான். அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவர்கள் 2020 மார்ச்சில் ‘ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொற்றுக் காலத்தில் பல் மருத்துவமனை எப்படி இயங்க வேண்டும் என்பதோடு கல்விக்கும் சில பரிந்துரைகள் சொன்னார்கள்: இணைய விரிவுரை, நோயாளிக் குறிப்புகளை வைத்து விவாதம், சிக்கல் ஒன்றைக் கொடுத்துக் குழுவாக அலசுவது. நல்ல யோசனைகள். எல்லாமே பேசிப் படிக்கிற சமாச்சாரங்கள்.

மற்ற மருத்துவத் துறைகளைவிடப் பல் மருத்துவம் அதிகமாக முடங்கியதற்குக் காரணம் ஒரு இயந்திரம். ஏரோட்டர் என்று பல் மருத்துவர்கள் சொல்கிற, காற்றில் சுழலும் அந்தத் துளைப்பான். ஜான் போர்டன் என்பவர் உருவாக்கி 1957இல் சந்தைக்கு வந்தது. நிமிடத்துக்குச் சுமார் மூன்று லட்சம் சுற்று. அந்த வேகத்தில் பல் சூடாகிவிடாமல் இருக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் எச்சிலோடு கலந்து நுண்துளிகளாக அறை முழுக்கப் பறக்கும். அறுபது வருடமாக வரமாக இருந்த இந்தக் கருவி 2020இல் சந்தேகக் கேஸ் ஆகிவிட்டது. இங்கிலாந்தில் மார்ச் 25 அன்று வழக்கமான பல் சிகிச்சைகளை எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். ஜூன் 8 அன்றுதான் மறுபடி திறக்கலாம் என்றார்கள். திறந்த பிறகும், துளைப்பான் ஓடிய அறையை ஒரு மணி நேரம் சும்மா போட்டு வைக்க வேண்டும் என்று ஆரம்ப விதி.

தனியாக ஒரு அறை வைத்திருக்கும் டாக்டருக்கு இது வருமான இழப்பு. கல்லூரிக்கு? கல்லூரி மருத்துவமனை என்பது தடுப்புச் சுவர் இல்லாத ஒரு பெரிய கூடம். முப்பது நாற்பது நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் நடந்துகொண்டே எல்லோரையும் பார்த்துக்கொள்வார்கள். ஆசிரியர் நடந்துகொண்டே பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். அதே அமைப்பு இப்போது எல்லோரும் எல்லோருடைய நுண்துளியையும் சுவாசிக்கிற அமைப்பாகிவிட்டது. கலைக் கல்லூரிகள் திறந்த பிறகும் பல் மருத்துவக் கூடங்களில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது இதனால்தான்.

இனி ஆசிரியர்கள். என் சித்தி மகள் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பத்து வருடத்துக்கும் மேலாகப் பாடம் நடத்துகிறாள். இந்தக் கட்டுரைக்காக அவளோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினேன். “முதல்ல கஷ்டமா இருந்தது எது?” என்று கேட்டேன். நெட், கேமரா, வீட்டுச் சத்தம் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

“அதெல்லாம் ஒரு மாசத்துல பழகிருச்சு அண்ணா. நான் என்ன சொல்லிக்கொடுக்கறேன்னு எனக்கே தெரியாம இருந்ததுதான் கஷ்டம்” என்றாள்.

விளக்கம் கேட்டேன். ஃபாண்டம் ஹெட் அறையில் அவள் பெரும்பாலும் பேசவே மாட்டாளாம். நடப்பாள். ஒரு பையன் கண்ணாடியைப் பிடித்திருக்கும் விதம் ஓரக்கண்ணில் படும். நின்று, அவன் சுண்டு விரலைப் பக்கத்துப் பல்லின் மேல் எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறாள் என்பது தோளைப் பார்த்தாலே தெரியும். துளைப்பான் சத்தத்திலேயே யார் அதிகம் அழுத்துகிறார்கள் என்று தெரியும். பல்லில் அழுத்தினால் சுற்று குறைந்து சுருதி இறங்கும். “இதெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கறேன்னு நெனச்சதே இல்ல. ஆன்லைன் போனப்பதான், பாடத்துல பாதி இதுதான்னு தெரிஞ்சுது. அதை எப்படி பிபிடி-யில போடறது?”

பேச்சாலும் படத்தாலும் போகக்கூடிய பாதி நன்றாகவே போனது என்பதையும் அவளே சொன்னாள். நூறு பேர் கொண்ட வகுப்புக்கு மேடையில் நின்று நடத்திய விரிவுரையை இப்போது பதிவு செய்து கொடுத்தால், புரியாத இடத்தை மாணவர்கள் மூன்று தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் வகுப்பின்போது எதிரில் நூறு கறுப்புக் கட்டங்கள். வீட்டில் ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் மாணவனைக் கேமராவைப் போடு என்று வற்புறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. “புரியுதா?” என்று கேட்டால் அரட்டைப் பெட்டியில் ‘எஸ் மேம்’ வரிசையாக விழும். அந்த ‘எஸ் மேம்’க்கு எந்த அர்த்தமும் கிடையாது என்பது கேட்பவர், சொல்பவர் இரண்டு பேருக்கும் தெரியும்.

மெழுகு செதுக்கும் பயிற்சியை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்களாம். முதலாண்டு மாணவர்களில் பலரிடம் மெழுகுக் கட்டி இல்லை. ஊரடங்கில் கூரியரும் இல்லை. சிலர் குளியல் சோப்பில் செதுக்கினார்கள். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு. எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. சோப்புச் செதுக்கலுக்குக் கௌரவமான வம்சாவளி உண்டு. கனடாவில் பல் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் ஒரு சோப்புக் கட்டியைக் கொடுத்து, கொடுத்த அளவில் செதுக்கச் சொல்லும் பகுதி அண்மைக்காலம்வரை இருந்தது. அமெரிக்கத் தேர்வில் ஒரு காலத்தில் சாக்கட்டி. கை ஒழுங்காகப் போகுமா என்று பார்ப்பதற்காக. ஆக அந்த மாணவர்கள் அறியாமலேயே ஒரு பழைய மரபைப் பின்பற்றியிருக்கிறார்கள்.

செதுக்கியதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சிக்கல் அங்கே ஆரம்பம். மிக அருகில் வைத்து எடுத்தால் மொபைல் கேமரா நடுவைப் பெருக்கிக் காட்டும். பல்லின் பக்கவாட்டு வளைவு, ஒளி நேராக விழுந்தால் தட்டையாகத் தெரியும். சாய்ந்து விழுந்தால் இல்லாத வளைவு தெரியும். நேரில் என்றால் ஆசிரியர் அதைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், நகத்தால் தடவிப் பார்ப்பார். பத்து விநாடி வேலை. படத்தில் பார்த்து மதிப்பெண் போட ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம் ஆனதாம், அப்போதும் நிச்சயமில்லையாம். என் மொழியில் சொன்னால், அவளுக்குக் கிடைத்தது கடைசி கமிட் மட்டும். நடுவில் என்ன நடந்தது என்ற வரலாறு கிடையாது. எந்த இடத்தில் கத்தி வழுக்கியது, அதை மறைக்க எங்கே சுரண்டினான் என்பது தெரியாமல் என்ன திருத்தம் சொல்வது?

இந்த இடத்தில் மென்பொருள்காரர்கள் உடனே கேட்கும் கேள்வி எனக்கும் வந்தது. கணினியில் தொடு உணர்வைத் தரும் பயிற்சிக் கருவிகள் இருக்கின்றனவே? இருக்கின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ‘ஹேப்டெல்’ என்ற திட்டம் நடந்தது. ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவக் கல்லூரியும் மூக் நிறுவனமும் சேர்ந்து ‘சிமோடான்ட்’ என்ற கருவியை உருவாக்கின. திரையில் பல் தெரியும். கையில் பிடித்திருக்கும் துளைப்பான் மெய்நிகர் எனாமலில் முட்டும்போது நிஜமாகவே எதிர்விசை கொடுக்கும். அருமையான கருவி. ஆனால் அது வீட்டில் இருக்காது, கல்லூரியில்தான் இருக்கும். பூட்டிய கல்லூரியில்.

அதையே இணையம் வழியாக இயக்கி, ஆசிரியர் சென்னையிலிருந்து மாணவன் கையை மதுரையில் திருத்த முடியாதா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடினமான பொருளைத் தொடுகிற உணர்வு நிஜம் போல இருக்க வேண்டுமென்றால் கருவி விநாடிக்குச் சுமார் ஆயிரம் தடவை விசையைச் சரிசெய்ய வேண்டும் என்பது அந்தத் துறையின் பொது அளவுகோல். அதாவது ஒரு சுழற்சிக்கு ஒரு மில்லிவிநாடி. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிவிநாடியில் போகக்கூடிய தூரம் 200 கிலோமீட்டர். சென்னைக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்கு மேல். போய் வர 800. இடையில் ஒரு ரவுட்டரும் இல்லாமல், ஒளியின் வேகத்திலேயே போய் வந்தாலும் நாலு மில்லிவிநாடி. எனாமல் ரப்பர் மாதிரி துள்ளும். தாமதத்தைச் சமாளிக்க இரு முனையிலும் கணித மாதிரிகளை வைத்து ஏமாற்றும் உத்திகள் உண்டு. ஆனால் செங்கல்பட்டு தாண்டியதும் நின்று நின்று வருகிற மொபைல் நெட்டில் அது நடக்கிற காரியமில்லை. குரலுக்கு 150 மில்லிவிநாடி தாமதம் பெரிய தொந்தரவு இல்லை. கண்ணுக்கும் பரவாயில்லை. கைக்கு நாலே அதிகம்.

இந்த நிலைமையில் ஒரு அரசு என்ன செய்ய வேண்டும்? 2021இல் பட்டம் வாங்க வேண்டிய மாணவர்கள் விரிவுரை எல்லாம் கேட்டுவிட்டார்கள்; எழுத்துத் தேர்வு எழுத முடியும். ஆனால் நோயாளி வாயில் செய்ய வேண்டிய வேலையைப் போதுமான அளவு செய்யவில்லை. பிரிட்டனில் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் தகுதியை அப்போது ‘பாதுகாப்பான தொடக்கநிலையாளர்’ என்ற சொல்லால் குறித்தார்கள். திறமைசாலியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தனியாக விட்டால் நோயாளிக்கு ஆபத்து வரக்கூடாது. 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்து அரசு ஒரு முடிவை அறிவித்தது: பல் மருத்துவ இறுதியாண்டு மாணவர்களின் படிப்பு முழுமையாக ஒரு வருடம் நீட்டிக்கப்படும். அந்தக் கூடுதல் வருடத்துக்காக ஒவ்வொரு மாணவருக்கும் 6,750 பவுண்டு உதவித்தொகை. காரணத்தையும் மறைக்கவில்லை: நுண்துளிக் கட்டுப்பாடுகளால் அவர்களுக்குப் போதுமான சிகிச்சை அனுபவம் கிடைக்கவில்லை.

இந்த முடிவை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். மாணவர்கள் பக்கம் இது கொடுமை. ஒரு வருட வாழ்க்கை, ஒரு வருடச் சம்பளம், வீட்டு வாடகை. தப்பு எதுவும் அவர்கள் செய்யவில்லை. பல் மருத்துவர் கிடைக்காமல் நோயாளிகள் காத்துக்கிடந்த நேரம் வேறு. இங்கிலாந்தில் கல்லூரிக்குக் கல்லூரி வேறு வேறு முடிவு எடுத்தார்கள். ஆனாலும் ஸ்காட்லாந்து செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆன்லைனில் எல்லாம் நடத்தி முடித்துவிட்டோம் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நடக்கவில்லை என்று பணம் கொடுத்துச் சொன்ன ஒரு அரசு அது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்தச் செலவை, பால்டிமோர் காலத்தைப் போல, நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவர் கொடுத்திருப்பார்.

அமெரிக்காவில் எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. அங்கே உரிமத் தேர்வில் உயிருள்ள நோயாளிக்குச் சிகிச்சை செய்து காட்டும் முறை பல மாநிலங்களில் இருந்தது. தேர்வுக்குப் பொருத்தமான சொத்தைப் பல் உள்ள நோயாளியை மாணவரே தேடிப் பிடித்து, சில சமயம் காசு கொடுத்து, கூட்டி வர வேண்டும். நோயாளி வராவிட்டால் தேர்வு போச்சு. இது தவறு என்று பல வருடமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. 2020இல் நோயாளியைக் கூப்பிடவே முடியாது என்றானதும், செயற்கைச் சொத்தை உள்ளே வைத்துச் செய்த ‘காம்பிடான்ட்’ என்ற பல் தேர்வுக்கு வந்தது. சொத்தைப் பகுதி மிருதுவாக இருக்கும், சுரண்டினால் வித்தியாசம் தெரியும். ஃபாண்டம் ஹெட்டில் மாட்டித் தேர்வு வைத்தார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. வருடக்கணக்கில் வாதத்தால் நகராதது சில மாதத்தில் நகர்ந்தது. 1894இல் பயிற்சிக்காக வந்த தலை, தேர்வுக் கூடத்திலும் நோயாளியின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

என் தங்கையின் கல்லூரி 2020 கடைசியில் கொஞ்சம் திறந்து, 2021 இரண்டாம் அலையில் மறுபடி மூடி, பிறகு திறந்தது. திரும்பி வந்த வகுப்பைப் பற்றி அவள் சொன்னது நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. பாடம் கேட்டால் முந்தைய வகுப்புகளைவிட நன்றாகப் பதில் சொன்னார்களாம். குழியின் ஆழம், சுவரின் சாய்வு, எல்லாம் வாய்ப்பாடு மாதிரி. கருவியைக் கையில் கொடுத்தால் பேனா பிடிப்பது போலப் பிடிக்காமல் கரண்டி பிடிப்பது போலப் பிடித்தார்கள். “தெரிஞ்சிருந்ததால கை வராதப்ப அவங்களுக்குக் கோவம் வந்தது. பழைய பேட்ச்சுக்குத் தெரியவும் தெரியாது, வரவும் வராது. அதனால நிம்மதியா இருந்தாங்க” என்றாள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதிகப்படியாகத் தலைகள் அறையைத் திறந்து வைத்தார்களாம், ஆறு மாதம்.

ஆன்லைன் காலத்திலிருந்து அவள் விடாமல் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. முன்பெல்லாம் செய்துகாட்டும் வகுப்பில் அவளைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். காட்டப்படும் பொருளோ ஒரு சென்டிமீட்டர் அகலம். முன்னால் நிற்கிற நாலு பேருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் முன்னால் இருப்பவரின் தலைமுடியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள். ஊரடங்கில் வீட்டில் மொபைலை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, கையையும் பல்லையும் மட்டும் படம் பிடித்துக் காட்டினாள். அதே ஸ்டாண்டை இப்போது ஃபாண்டம் ஹெட் மேலே மாட்டியிருக்கிறாள். படம் சுவரில் இருக்கும் டிவிக்குப் போகிறது. அவள் செய்து முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பிக்கிறாள்.